அதாவது அல்போன்ஸ்

முட்டத்துக்கு மேற்கே கடலை ஒட்டிக்கொண்டே போனால் வருகிற சின்ன ஊர் அது. அங்கே போய் அல்போன்ஸ் வீடு எது என்று கேட்டால், எந்த அல்போன்ஸ் என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள். அந்தப் பெயரில் தெருவுக்கு ஒருவர் உண்டு. ‘அதாவது’ வீடு எது என்று கேளுங்கள், சின்னப்பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விடும்.

பட்டப்பெயர் வைப்பதில் கடற்கரைக்காரர்களை மிஞ்ச ஆளில்லை. ஒருத்தருக்குக் காலை வைத்து வரும், இன்னொருத்தருக்குக் கல்யாணத்தில் செய்த கூத்தை வைத்து வரும். அல்போன்சுக்கு வாயை வைத்து வந்தது. ரொம்பக் காலம் அவர் அதை ஒரு பட்டம் மாதிரித்தான் சுமந்துகொண்டு திரிந்தார்.

அவர் கடலுக்குப் போகாத மீனவர். வள்ளம் அலையைத் தாண்டுவதற்குள் குடல் வாய்க்கு வந்துவிடும். அப்பா சில தடவை கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு, “இவன் கரைக்குப் பிறந்த சாதனம்” என்று சொல்லி விட்டுவிட்டார். நாகர்கோவிலில் ஒரு மருந்துக்கடையில் சேர்ந்து, தலை நரைக்கிற வரைக்கும் அந்த மேசைக்குப் பின்னாலேயே நின்றார். டாக்டர்களின் கோழிக்கிறுக்கலை வாசித்து வாசித்து, நோய்களின் பெயர்கள் மேல் அவருக்கு ஒரு பைத்தியமே பிடித்துவிட்டது.

சொல்லின் வாலைப் பிடித்தால் ஆளைப் பிடித்துவிடலாம் என்பது அவர் கட்சி. ‘ஐடிஸ்’ என்று முடிந்தால் அழற்சி, அதாவது உள்ளே ஏதோ ஒன்று வீங்கிச் சிவந்து எரிகிறது. மூட்டில் என்றால் ஆர்த்ரைட்டிஸ், இரைப்பையில் என்றால் கேஸ்ட்ரைட்டிஸ். ‘எக்டமி’ என்று முடிந்தால் அந்த உறுப்பை வெட்டி எடுத்தாயிற்று, இனி அதைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. ‘க்ரானிக்’ என்று எழுதியிருந்தால் முற்றிப்போச்சு என்று சனங்கள் அழும். அப்படியில்லை, ரொம்ப நாளாகக் கூடவே இருக்கிறது என்றுதான் அர்த்தம். திடீரென்று வந்தது ‘அக்யூட்’. ‘இடியோபதிக்’ என்ற சொல் வந்தால் அவருக்குக் கொண்டாட்டம். “ஏன் வந்துதுன்னு டாக்டருக்கும் தெரியாதுன்னு அர்த்தம். அதைத் தமிழ்ல சொன்னா நாம ஃபீஸ் குடுப்பமா?” என்று கேட்டுவிட்டு அவரே சிரிப்பார்.

வெறும் பீற்றல் என்று தள்ளிவிடவும் முடியாது. ஒருநாள் பூதப்பாண்டிப் பக்கத்திலிருந்து பகவதியப்பன் என்று ஒரு வாழை விவசாயி கடைக்கு வந்தார். மகளின் தோளில் இருந்த கட்டியைப் பார்த்துவிட்டு டாக்டர் ‘லைப்போமா’ என்று எழுதியிருந்தார். ‘ஓமா’ என்று முடிந்தாலே புற்றுநோய்தான் என்று பஸ்ஸில் வந்த யாரோ ஒரு புண்ணியவான் சொல்லியிருக்கிறான். கல்யாணத்துக்கு நிற்கிற பெண். மனுசன் மருந்துக்கடை மேசையில் தலையைச் சாய்த்து அழுதார்.

“அண்ணாச்சி, ‘ஓமா’ன்னா கட்டி. ‘லைப்போ’ன்னா கொழுப்பு. அதாவது கொழுப்புக்கட்டி, அம்புட்டுத்தான். அது பாட்டுக்கு இருக்கும், ஆளைக் கொல்லாது” என்றார் அல்போன்ஸ்.

பகவதியப்பன் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு ஒரு வாழைத்தார் வந்தது, கல்யாணப் பத்திரிகையும் வந்தது. அர்த்தம் தெரிந்தால் பயம் போய்விடும் என்ற நம்பிக்கை அல்போன்சுக்குள் வேர் பிடித்தது அன்றைக்குத்தான். அது பாதி உண்மை. பாதி உண்மையை முழு உண்மை என்று நம்புகிறவன் கையில் மைக் கொடுக்கக் கூடாது.

ஆனால் கொடுத்துவிட்டார்கள். கடை வேலையை விட்டு வந்தவரை ஊர்க் கோயிலுக்கு உபதேசியாராக வைத்தார்கள். பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுப்பது, பங்குச் சாமியார் இல்லாத நாளில் செபம் நடத்துவது, அறிவிப்பு வாசிப்பது எல்லாம் உபதேசியார் வேலை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அந்தோணியார் நவநாள். தொடங்குவதற்கு முன்னால் சனங்கள் வந்து அவர் காதோடு சொல்லுவார்கள், இன்னாருக்கு இன்ன நோய், ஒரு மன்றாட்டு சொல்லணும் என்று. அவர் அதை மைக்கில் சொல்ல, எல்லாரும் சேர்ந்து, “புனித அந்தோணியாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்று பதில் சொல்ல வேண்டும்.

அதுவரை இருந்த உபதேசியார்கள் பெயரையும் நோயையும் சொல்லிவிட்டுப் போவார்கள். அல்போன்ஸ் அர்த்தமும் சொல்லத் தொடங்கினார். “வெர்டிகோ, அதாவது தலைசுற்றலால் வருந்தும் சகோதரிக்காக.” “அனீமியா, அதாவது ரத்தசோகை.” நோய் என்னவென்று தெரியாமல் எப்படி மனசார வேண்டுவது என்று அவர் கேட்டபோது ஊரும் ஆமாம் என்றது. கோபுரத்தில் இரண்டு கூம்பு ஸ்பீக்கர்கள். ஒன்று கடலைப் பார்த்து, ஒன்று ரோட்டைப் பார்த்து. வலை பின்னுகிறவர்கள்கூடச் செவ்வாய்க்கிழமை அந்த ‘அதாவது’வுக்காகக் காதைக் கொடுத்தார்கள். சாமியாருக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. “உபதேசியாரே, பேரு போதுமே, மிச்சம் கடவுளுக்குத் தெரியுமே” என்று ஒருதரம் சொல்லிப் பார்த்தார். இளம் வயசுச் சாமியார், அனுபவம் போதாது என்று அல்போன்ஸ் நினைத்துக்கொண்டார்.

லீமா மீன் விற்கிறவள். ஒக்கிப் புயலில் போன புருஷன் திரும்பி வரவில்லை. கரையில் ஏலம் எடுத்து, ஐஸ் போட்டு, மற்றப் பெண்களோடு ஒரே டெம்போவில் ஏறி, உள்நாட்டு ஊர்களில் வீடு வீடாய் விற்றுவிட்டு மத்தியானத்துக்கு மேல் திரும்புவாள். அந்த டெம்போவில் மீன் நிறைந்த அலுமினியச் சருவங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருக்கும். பெண்கள் ஒருத்தி மடியில் ஒருத்தி இருக்கிற மாதிரி நெருக்கி உட்கார்ந்து வெற்றிலையும் ஊர்க்கதையும் பங்கு வைப்பார்கள். அந்த வண்டியில் இடம் இருந்தால்தான் பிழைப்பு.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் வந்து, மற்றவர்கள் நகர்கிற வரைக்கும் காத்து நின்று, அல்போன்சிடம் சொன்னாள். “எனக்க பேருக்கு ஒரு மன்றாட்டு சொல்லணும், உபதேசியாரே. ஹான்சன் நோய். அப்படியே சொன்னாப் போரும்.”

‘அப்படியே’ என்பதை அவள் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னாள். அது அவர் காதில் விழத்தான் செய்தது. பாவம், டாக்டர் சொன்னதைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறாள், அர்த்தம் தெரியாது என்று நினைத்தார். பின்னாளில் அவர் மனசைப் போட்டு அரித்தது மைக்கில் சொன்னதைவிட இந்த நினைப்புத்தான்.

நவநாள் தொடங்கியது. “நெஃப்ரோலித்தியாசிஸ், அதாவது சிறுநீரகக் கல்லால் அவதிப்படும் யேசுதாசனுக்காக” என்றார். பதில் வந்தது. அடுத்தது லீமா. “ஹான்சன் நோயால் வருந்தும் சகோதரி லீமாவுக்காக” என்றார். அங்கே நிறுத்தியிருக்கலாம். பழகின மாடு வழி கேட்காது, பழகின நாக்கும் அப்படித்தான். “அதாவது தொழுநோய். நம்ம பேச்சுல குஷ்டம்.”

கடலைப் பார்த்த ஸ்பீக்கரும் ரோட்டைப் பார்த்த ஸ்பீக்கரும் அந்தச் சொல்லை ஒரே சத்தத்தில் சொல்லின. அந்தோணியாரைக் கூப்பிட ஒருவர் வாயும் திறக்கவில்லை. அப்புறம் ஆண்கள் பக்கத்திலிருந்து ஒன்றிரண்டு குரல் முனகியது. பெண்கள் பக்கம் லீமாவைச் சுற்றி இருந்தவர்கள் சேலைத் தலைப்பை இழுத்துச் சுருட்டிக்கொண்டார்கள். யாரும் எழுந்து போகவில்லை, ஆனால் அவளைச் சுற்றி ஒரு பாய் விரிக்கிற இடம் உண்டாகிவிட்டது. லீமா முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு, ஆசீர்வாதத்துக்கு நிற்காமல் பக்கவாசல் வழியே வெளியே போனாள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளை கெட்டால் தவளையோடு போயிற்று. இங்கே வாய் ஒருத்தருடையது, கெட்டது இன்னொருத்தி.

மறுநாள் காலையில் அல்போன்சின் மனைவி பிளாரி கடற்கரைக்கு மீன் வாங்கப் போனவள் வெறும் பாத்திரத்தோடு திரும்பி வந்தாள்.

“டெம்போவுல லீமாவ ஏத்தல்ல” என்றாள். “அவ ஏறினா நாங்க எறங்குவோம்னு எல்லாவளும் சொல்லிட்டாளுவோ. டிரைவர் சிஜின் என்ன செய்வான்? அவளுக்க சருவத்த எடுத்து ரோட்டுல வச்சிட்டுப் போய்ட்டான். ஐஸ் உருகி ஒழுகுது, அவ அதுக்குப் பக்கத்துல நிக்கா. அவ நின்ன நெலைய நீங்க பாத்திருந்தா இனி வாயத் தொறக்க மாட்டீங்க.”

அல்போன்ஸ் கஞ்சியை முன்னால் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். வெளியே தெருவில் இரண்டு பேர் பேசிக்கொண்டு போனாலும் தன்னைத்தான் பேசுகிறார்கள் என்று தோன்றியது. உடம்பெல்லாம் கூசியது. அவமானம் என்ற சொல்லுக்கு அவர் அகராதியில் அதுவரை அர்த்தம் எழுதியிருக்கவில்லை.

சாமியார் கூப்பிட்டு விட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். “போய் அவங்களப் பாருங்க” என்று மட்டும் சொன்னார்.

பார்க்கப் போகவில்லை. லீமாவின் வீட்டுப் பக்கம் கால் நீளவில்லை. ஊரையே கூட்டி வைத்துப் பேசுவது அவருக்கு எளிது, ஒருத்தி முகத்தைப் பார்த்துப் பேசுவது கஷ்டமாக இருந்தது. அதனால் அடுத்த செவ்வாய்க்கிழமைக்குக் காத்திருந்தார். சொல்லால் வந்ததைச் சொல்லாலேயே தீர்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்.

அன்றைக்கு மைக்கில் நின்று நீளமாக விளக்கினார். ஹான்சன் என்பவர் நார்வே நாட்டு டாக்டர், நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்தவர், அதனால் அவர் பெயர். இது சாபமும் இல்லை, பரம்பரையும் இல்லை. கிருமி தோலையும் நரம்பையும் பிடிக்கும். அதனால் வெளுத்த படை வரும், அந்த இடத்தில் தொட்டால் தெரியாது. மருந்து தின்னத் தொடங்கிவிட்டால் அப்புறம் பரவாது. முழுதாகக் குணமாகும், அரசு ஆஸ்பத்திரியில் மருந்து சும்மா கிடைக்கும். ஒன்றுகூடத் தப்பில்லை. எல்லாம் சரியான செய்தி.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. முதல் வாரம் காதில் விழாதவர்களுக்கும் இப்போது தெரிந்துவிட்டது. ‘பரவாது’ என்பதை ஒருவரும் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை, ‘வெளுத்த படை’யை எல்லாரும் கொண்டுபோனார்கள். தாய்மார் பிள்ளைகளின் சட்டையைக் கழற்றித் தேமலைத் தேடினார்கள். யாரோ அவர் பேச்சைப் போனில் பிடித்து வாட்ஸ்அப்பில் விட, அது மஸ்கட்டுக்குப் போய்ச் சுற்றிவிட்டு, லீமா மீன் விற்கிற உள்நாட்டு ஊர்களுக்கும் வந்து சேர்ந்தது. பழகின வீடுகளில்கூட, “இன்னைக்கு நாங்க சைவம்” என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்களாம். ஆட்டோவில் தனியே மீன் கொண்டுபோய்ப் பார்த்த லீமா, பாதிக்கு மேல் திருப்பிக் கொண்டுவந்து கடற்கரையில் குழி தோண்டிப் புதைத்தாள்.

அதைக் கேட்ட சாயங்காலம் அல்போன்ஸ் போனார். லீமாவின் வீடு சுனாமிக் காலனியில், கடைசி வரிசையில். கதவு திறந்திருந்தது. அவள் தரையில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இடது கை விரல்களில் துணி சுற்றியிருந்தது.

“வாங்க உபதேசியாரே. இரிங்க” என்று நாற்காலியைக் காட்டினாள்.

அவர் இருக்கவில்லை. “தப்பாயிட்டு மக்கா” என்றார். வருகிற வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்ததில் அது ஒன்றுதான் வெளியே வந்தது.

லீமா அரிசிச் சுளகைக் கீழே வைத்தாள். “எனக்கு அர்த்தம் தெரியாதுன்னு நெனச்சீங்க, இல்லியா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“கொதிக்கிற கஞ்சிப்பானைய எறக்கிட்டு நிக்கேன். வெரல்ல தோலு பொத்துப் போயாச்சு, எனக்குச் சூடே தெரியல்ல. அன்னைக்கே நெஞ்சு பதறிப்போச்சு. ஆஸ்பத்திரில டாக்டரம்மா கண்ணை மூடச் சொல்லிட்டுப் பஞ்சால தொட்டாங்க. வெளுத்த எடத்துல தொட்டது எனக்குத் தெரியல்ல. எல்லாம் வெளக்கமாத்தான் சொன்னாங்க. மருந்து தொடங்கியாச்சு, இனி ஆருக்கும் பரவாதுன்னு சொன்னாங்க. பெறவு மெதுவாச் சொன்னாங்க, ஆராவது கேட்டா ஹான்சன் நோய்னு சொல்லுங்க, பொய்யும் இல்ல, ஒருத்தருக்கும் வெளங்கவும் செய்யாதுன்னு. அந்தப் பேருக்க உள்ள நான் ஒளிஞ்சு இருந்தேன் உபதேசியாரே.”

“பெறவு என்னத்துக்கு மக்கா மன்றாட்டு கேட்டே?”

“எனக்குச் செபம் வேண்டாமா?” என்றாள் லீமா. “அந்தோணியாருக்கு அர்த்தம் தெரியும்லா. நீங்களா அவருக்குச் சொல்லிக் குடுக்கணும்?”

வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். மருந்துக்கடையில் படித்த சொல்லெல்லாம் சேர்ந்து தலையில் கொட்டின மாதிரி நின்றார் அல்போன்ஸ். நான் என்ன செய்யணும், எதுவானாலும் சொல்லு, செய்கிறேன் என்றார்.

லீமா கொஞ்சம் யோசித்தாள். “நாளைக்குக் காலத்த டெம்போவுல எனக்க கூட வாங்க. எனக்கப் பக்கத்துல இரிங்க. ஒருநாள் வந்தாப் போரும். நீங்க சொன்னதை ஒருத்தியும் கேக்கல்ல. நீங்க பக்கத்துல இருக்கதக் கண்ணால கண்டா கேப்பாளுவோ.”

“வாறேன் மக்கா. கண்டிப்பா வாறேன்” என்றார். அத்தனை நாள் நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் எழுந்து போன மாதிரி இருந்தது. இப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

லீமா அடுப்பு மூட்டிப் பாலில்லாத கட்டன்சாயா போட்டாள். சில்வர் டம்ளரில் ஊற்றி, துணி சுற்றாத கையால் நீட்டினாள். அல்போன்ஸ் வாங்கினார். ஒருவாய் குடித்துவிட்டு, சாயா நல்லாருக்கு என்றார். மிச்சத்தையும் அவள் பார்க்கப் பார்க்கக் குடித்தார். லீமாவின் முகம் தெளிந்ததைக் கண்டபோது, தான் நல்ல மனுசன்தான் என்று அவருக்கே ஒரு நிமிஷம் தோன்றியது. நாளைக்கு நேரத்தோடு வந்து நிற்கிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தார்.

காலனி திரும்புகிற இடத்தில் ஒரு தெருக்குழாய் இருக்கிறது. அதுவரைக்கும் ஒன்றுமில்லை. குழாயைக் கண்டதும் நாக்கில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. டம்ளரில் பரவாது என்று அவருக்குத் தெரியும். ஊருக்கே மைக் வைத்துச் சொன்னவர் அவர். எச்சிலைக் கூட்டி விழுங்கப் பார்த்தார், இறங்கவில்லை. சீ, என்ன மனுசன்டா நீ என்று தன்னையே ஏசிக்கொண்டு இரண்டு எட்டு தாண்டியும் போனார். அப்புறம் திரும்பி வந்தார். முன்னும் பின்னும் பார்த்தார். ஆளில்லை. குழாயைத் திறந்து வாயைக் கொப்பளித்தார். ஒருதரம் போதவில்லை. குழாயடித் திண்டில் யாரோ விட்டுப்போன சோப்புத் துண்டு கிடந்தது. அதை எடுத்து விரலிடுக்கெல்லாம் தேய்த்து முழங்கைவரை கழுவினார். மறுபடியும் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு நிமிர்ந்தபோது, கொஞ்சம் தள்ளி லீமா குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

“நீங்க முடிங்க உபதேசியாரே” என்றாள். “எனக்கு அவசரமில்ல. எல்லாரும் தண்ணி பிடிச்ச பெறவுதான் நான் பிடிக்கது. இப்ப அப்படித்தான்.”

“இல்ல மக்கா, வாயில வெத்தில...” என்று தொடங்கினார். வெற்றிலை போடும் பழக்கம் அவருக்குக் கிடையாது, அது ஊருக்கே தெரியும். வாயில் வந்த பொய்யை முடிக்கவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நின்றார். கையில் சோப்பு நுரை. பூமி பிளந்து உள்ளே வாங்கிக்கொண்டால் தேவலை என்று இருந்தது.

லீமா அந்தப் பொய்யைப் பிடித்துக்கொள்ளவில்லை. குடத்தை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள்.

“நாளைக்கு நீங்க டெம்போவுக்கு வரண்டாம்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, வலிக்கக்கூடாதே என்று பார்த்துச் சொல்லுகிற மாதிரி சொன்னாள். “எனக்கப் பக்கத்துல இருந்துட்டு, எறங்கினதும் நீங்க பைப்பத் தேடினா அவளுவோ பாத்திருவாளுவோ. இப்ப அவளுவளுக்குப் பயம் மட்டும்தான் இருக்கு. உங்களப் பாத்தா, பயப்பட்டது சரிதான்னு ஆயிரும்.”